கோழிக்கூட்டுத் தண்ணீரும் ஒரு சாண் மண்ணும்

கோழி தண்ணீர் குடிப்பதைப் பற்றி இலக்கியச் சஞ்சிகை ஒன்றில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சில காலத்துக்கு முன்புவரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். தமிழாசிரியர் என்ற முறையில், சங்கப் பாடல்களில் வரும் மனைக்கோழியைப் பற்றி வகுப்பறையில் பலமுறை பேசியிருக்கிறோம். அந்தக் கோழிக்கு விடியற்காலையில் தண்ணீர் வைத்தவர் யார் என்ற கேள்வி ஒரு நாளும் எமக்கு எழுந்ததில்லை. அக்கேள்வியை எமக்குக் கற்பித்தவள் எமது மாணவி ஒருத்தி.

நாம் கற்பிப்பது கொத்மலைப் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றில். அம்மாணவியின் வீடோ நுவரெலியாவுக்குச் சற்று அப்பால், மலை உச்சியை அண்டிய தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அங்குள்ள சிறிய பாடசாலையில் மேல் வகுப்புகள் இல்லாமையால், கொத்மலையில் மாமா வீட்டில் தங்கி எம்மிடம் படிக்க வந்தவள். அவ்வாண்டு அவள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவள். ஆனால் தை மாதத்தில் பாடசாலை தொடங்கி இரண்டு வாரம் கழியும்வரை அவள் ஊரிலிருந்து திரும்பவில்லை. வந்த அன்று, வகுப்பின் நடுவே நிறுத்தி நாம் காரணம் கேட்டோம். கேட்ட குரலில் கனிவு இருக்கவில்லை.

“கோழிக்கு வச்ச தண்ணி ஒறஞ்சி போவுது சேர். அம்மா வெள்ளன மலைக்குப் போயிருவாங்க. நான் இல்லாட்டி வெந்நி ஊத்த ஆளில்ல” என்றாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. கொத்மலைப் பிள்ளைகள் குளிரை அறிவார்கள். ஆனால் வீட்டு வாசலில் தண்ணீர் உறைந்து கிடப்பதைக் கண்டவர்கள் அல்லர். நாமும் புன்னகை செய்தோம். “பரீட்சைத் தாளிலும் கோழியைப் பற்றியே எழுதிவிடு” என்று ஒரு சொல்லும் சொன்னோம். அவள் தலை குனிந்து உட்கார்ந்தாள். அன்று மாலை அந்தச் சொல் எம்மையே உறுத்தத் தொடங்கியது. பொய் சொல்லுகிற பிள்ளை அவ்வளவு விசித்திரமான பொய்யைத் தெரிந்தெடுத்திருக்க மாட்டாள் அல்லவா?

பெப்ரவரி 4ஆந் திகதி சுதந்திர தினம், விடுமுறை. அதற்கு முந்திய நாள் அவளும் அவள் மாமாவும் ஊருக்குப் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம்.

கொத்மலை நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை நுவரெலியாவை அடையும்போது 1,800 மீற்றருக்கு மேல் வந்துவிடுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. பஸ்ஸின் சன்னல்களை ஒவ்வொருவராக மூடிக்கொண்டு வந்ததே அக்கணக்குக்குப் போதிய சான்றாயிருந்தது.

லயம் ஒரு பள்ளத்தில் இருந்தது. முன்னே சிறிய இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா. தந்தை கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். தாய் கொழுந்து பறிப்பவர். முற்றத்துக்கு அப்பால், கானைத் தாண்டி, பலகையும் கம்பிவலையும் கொண்டு கட்டிய கோழிக்கூடு. பதினைந்து கோழிகள். அவற்றின் முட்டைதான் மகளின் பஸ் காசு, கொப்பி, சப்பாத்து.

அக்கூட்டில் நாம் கண்ட புதுமை, தன்னியக்கத் தண்ணீர்க் கருவி. பெண்களின் வாழ்வாதாரத்துக்கு உதவவந்த ஒரு நிறுவனம் கோழிகளோடு அதையும் கொடுத்திருந்தது. லயத்துச் சுவரோரம் மேடையிட்டு வைத்த பிளாஸ்டிக் தாங்கி. அதிலிருந்து முற்றத்தின் குறுக்கே, தரைக்கு மேலாக, கூட்டின் முன் வெளிவரை ஓடும் ஒல்லியான குழாய். குழாயில் வரிசையாகச் சிவப்புக் கிண்ணங்கள். கோழி அலகால் தட்டினால் உள்ளிருக்கும் முளை விலகித் தண்ணீர் வடியும். கிண்ணம் நிறைந்தால் தானே நிற்கும். “இனித் தண்ணீர் வைக்கும் வேலையே உங்களுக்கு இல்லை” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

மறுநாள் விடியுமுன் எழுந்து வெளியே வந்தோம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காற்றில்லை. புல்லின்மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வானிலை அறிவித்தல்களில் துகள் உறைபனி என்று கேட்டிருந்ததை அன்றுதான் கண்ணால் கண்டோம். சிவப்புக் கிண்ணங்கள் ஒவ்வொன்றிலும் கண்ணாடி வில்லை போல் பனிக்கட்டி. முளைகள் அசையவில்லை. கோழிகள் வந்து தட்டின, மீண்டும் தட்டின, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நின்றன. தாய் நாலு மணிக்கே எழுந்து கவ்வாத்து மிலாறு மூட்டி வெந்நீர் வைத்திருந்தார். ஒரு கையில் கெண்டியும் மறு கையில் பழைய தகரத் தட்டுமாக வந்தார். கிண்ணங்களுக்கு ஊற்றி முளைகளை இளக்கினார். மிகுதியைத் தட்டில் வெதுவெதுப்பாகக் கலந்து வைத்தார். கோழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு குடித்தன. விடுமுறையாதலால் அன்று அவருக்கு அவசரமில்லை. மற்ற நாள்களில் இதையெல்லாம் முடித்துக்கொண்டுதான் பிரட்டுக்கு ஓட வேண்டும்.

கோழி தண்ணீரின்றி ஒரு காலைப்பொழுதைக் கழித்தால் என்ன என்று நாம் கேட்டோம். அறியாமையிற் பிறந்த கேள்வி அது. முட்டையிடும் கோழி நாளொன்றுக்குக் கால் லீற்றர் அளவில் தண்ணீர் குடிக்கிறது. தின்னும் தீனியின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இருளில் அது குடிப்பதில்லை. இராப்பொழுது முழுவதும் தாகத்தோடு இருந்துவிட்டு விடிந்ததும் தண்ணீரைத் தேடுகிறது. தண்ணீர் இல்லையேல் தீனியும் இறங்காது. முட்டையின் எடையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீரே. எனவே உறைந்த கிண்ணம் என்பது குறைந்த முட்டை. குறைந்த முட்டை என்பது குறைந்த பஸ் காசு.

அத்தாயிடம் நாம் எமது கல்வியறிவைக் காட்ட முற்பட்டோம். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. ஆகவே தாங்கியில் உப்பிடலாமே என்றோம். அவர் சிரித்தார், எமது மாணவர்களைப் போல் உரக்கச் சிரிக்கவில்லை.

“உப்புத் தண்ணி குடிச்சா கோழி கழிஞ்சே செத்துப் போகும் சேர். வாயில்லாத சீவன்தானே, கேக்கவா போகுது?”

பின்னர் விஞ்ஞான ஆசிரியரான நண்பரிடம் விசாரித்தோம். உறைநிலையை இரண்டு பாகை தாழ்த்துவதற்கே ஏறக்குறையக் கடல்நீர் அளவுக்கு உப்பு வேண்டும் என்றார். கடல்நீரைக் குடித்து எந்தக் கோழி வாழும்? புத்தகத்தைப் படித்த நாம் சொன்னது பிழை. கோழியைப் படித்த அவர் சொன்னது சரி.

தண்ணீர் ஏன் உறைகிறது என்பதையும் அந்நண்பரே விளக்கினார். நுவரெலியாவில் வெப்பமானி மூன்று, நான்கு பாகை காட்டும் இரவிலும் தரையில் உறைபனி படியலாம். வெப்பமானி ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. தரையும் தரையிற் கிடக்கும் பொருளும் மேகமற்ற வானத்தை நோக்கித் தம் வெப்பத்தை இரவெல்லாம் இழந்துகொண்டிருக்கின்றன. காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. தோட்டங்களில் துரையின் பங்களா மேட்டிலும் தொழிலாளியின் லயம் பள்ளத்திலும் கட்டப்பட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். குளிரும் அந்த வரைபடத்தை அறிந்தே வைத்திருக்கிறது.

தாங்கி உறையாமல் கிண்ணம் உறைவதற்கும் காரணம் உண்டு. நீர் பனிக்கட்டியாகும்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். தாங்கியின் 20 லீற்றர் நீர் அவ்வளவு வெப்பத்தை ஓரிரவில் இழந்துவிடாது. கிண்ணத்திலோ ஒரு மிடறு நீர்தான். அதன் வாயோ வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. உறைந்த நீர் தன் பருமனில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. அந்தத் தள்ளலைத் தாங்காமல் இரண்டு கிண்ணங்களின் முளைகள் முன்னரே வெடித்திருந்தன.

இங்கேதான் கதை கோழிக்கூட்டை விட்டு வெளியே வருகிறது. உதவி கொடுத்த நிறுவனத்தின் உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். வெடித்த கிண்ணங்களைக் கண்டு, பயனாளி பராமரிப்பில் அக்கறை காட்டவில்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த கட்ட உதவிப் பட்டியலில் அத்தாயின் பெயர் இல்லை. நாலு மணிக்கு எழுந்து கிண்ணம் கிண்ணமாக வெந்நீர் ஊற்றுகிற பெண்ணுக்கு அக்கறையில்லையாம்! ஆயினும் அந்த உத்தியோகத்தரை மட்டும் குறை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. வகுப்பில் நாம் சொன்ன சொல்லும் அந்தக் குறிப்பும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவைதாமே.

தோட்டத்து மக்களிடம் எதைக் கொடுத்தாலும் கெடுத்துவிடுவார்கள் என்ற பேச்சைப் படித்தவர்களின் வாயிலேயே நாம் அடிக்கடி கேட்கிறோம். கருவி எந்த நிலத்துக்காக, எந்தக் காலநிலைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்பவர் அரிது. குளிர்நாடுகளிலும் இதே கிண்ணங்கள் உண்டு. ஆனால் அங்கே கலத்தின் அடியில் மின் சூடேற்றி வைக்கிறார்கள். குழாயில் நீரை ஓயாமல் ஓடவிடுகிறார்கள். அல்லது தரை உறையாத ஆழத்தில் குழாயைப் புதைக்கிறார்கள். கனடா போன்ற தேசங்களில் அதற்கு ஆளுயரப் பள்ளமே வேண்டியிருக்கும். எமது தாய்க்குக் கிடைத்தது கருவியின் பாதி. மற்றப் பாதியை, அதாவது சூட்டை, அவர் தம் கையாலும் விறகாலும் தூக்கத்தாலும் கொடுத்துக்கொண்டிருந்தார். தன்னியக்கம் என்று பெயரிட்ட பொருளை இயக்கியது அந்த நாலு மணி எழுச்சியே.

எமது மலைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் வேதனைக்குரியது. இங்கே குளிர் மாதக்கணக்கில் நிற்பதில்லை. தை, மாசியில் சில இரவுகள். அவற்றிலும் வெயில் ஏறினால் பனிக்கட்டி கரைந்துபோகிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை. பகலில் வாங்கிய வெயிலை மண் தன்னுள்ளே வைத்திருக்கிறது. ஒரு சாண் ஆழத்தில் இரவின் குளிர் பெரிதாக எட்டுவதில்லை. ஆகவே குழாயை ஒரு சாண் புதைத்தால் போதும். கிண்ணங்களைக் கூரையின் கீழ் வைத்தால் போதும். வெற்று வானத்துக்கும் நீருக்கும் இடையே ஒரு தகரமோ சாக்கோ இருந்தாலே பெரும்பாலான இரவுகளில் நீர் உறையாது. தாங்கியைச் சுற்றிப் பலகையடைத்து இடைவெளியில் மரத்தூள் நிரப்பினால், மாலையில் நிரப்பிய நீரின் சூடு காலைவரை ஓரளவு தங்கும்.

இவற்றையெல்லாம் நாம் உற்சாகத்தோடு சொல்லி முடித்தபோது அத்தாய் அமைதியாகக் கேட்டார்:

“அதுக்கு மண்ணத் தோண்டணுமே சேர். தோண்ட விடுவாங்களா?”

முற்றத்தில் குழாய் புதைக்க அவர் முன்னரே தோட்ட அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். அனுமதி கிடைக்கவில்லை. கூட்டின் கூரையை நான்கடி முன்னே இழுக்கக் கேட்டதற்கும் அதே பதில். கூடே அனுமதியின்றிக் கட்டியதுதான். பார்த்தும் பாராமல் விட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் உள்ளதும் போய்விடலாம். லயத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது; ஆனால் கூட்டுக்கு ஒரு கம்பி இழுக்கவும் அதே அலுவலக வாசலில்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பதிலைக் கேட்டு நாம் அந்த மலையை நிமிர்ந்து பார்த்தோம். தேயிலை நிரைகளுக்கு இடையே, மேலிருந்து கீழ்வரை, கான்கள் வெட்டப்பட்டிருந்தன. அவற்றை வெட்டியவர்கள் யார்? காடழித்துக் கோப்பி நட்டவர்களும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவர்களும் யார்? அம்மலைகளில் தோண்டப்பட்ட ஒவ்வொரு குழியிலும் இத்தாயின் முன்னோர் மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள். மலை முழுவதையும் தோண்டிய வமிசத்துக்குத் தன் முற்றத்தில் ஒரு சாண் தோண்ட உரிமையில்லை.

அன்று சுதந்திர தினம் என்பதை மறந்துவிடலாகாது. நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948இல்தான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இவர்களைத் தலைக்கணக்கில் இரு தேசங்களுக்கும் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நிலத்தின் கதை வேறு. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைமாற்றங்கள் எல்லாவற்றின்போதும் தேயிலைச் செடியைப் போல் லயமும் கணக்கில் எழுதப்பட்டது. லயத்தில் வாழ்பவர் எழுதப்படவில்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் புதிய வீடுகளோடு 7 பேர்ச் நிலம் என்ற திட்டம் வந்து, சில குடும்பங்கள் உறுதியும் பெற்றன. எஞ்சியோர் இன்னும் லயத்திலேயே காத்திருக்கிறார்கள். வாக்குரிமை உண்டு, வாசல் மண்ணில் உரிமையில்லை.

ஊர் திரும்பிய நாம் முதலில் செய்தது, அந்த மாணவியிடம் வகுப்பறையிலேயே, எல்லாரும் கேட்க, மன்னிப்புக் கேட்டது. ஆசிரியன் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சக ஆசிரியர் சிலர் முகஞ்சுளித்தனர். கேளாதிருந்தால் எமது பாடத்தில் பொருள் இருந்திராது.

விஞ்ஞான ஆசிரியரின் யோசனைப்படி அவள் ஒரு சிறு பரிசோதனை செய்தாள். அடுத்துவந்த தெளிந்த இரவொன்றில் ஒரே அளவான இரண்டு தட்டுகளில் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றை வெறும் வெளியிலும் மற்றதை இஸ்தோப்பின் இறவாரத்தின் கீழும் வைத்தாள். வெளியே இருந்தது உறைந்தது. இறவாரத்தின் கீழிருந்தது உறையவில்லை. அதை அவள் கொப்பியில் எழுதி வந்து வகுப்பில் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் தாயும் மகளும் கிண்ணங்களைக் கழற்றி, எவர் அனுமதியும் வேண்டாத ஒரே கூரையான அந்த இஸ்தோப்பின் ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மரத்தூள் மூட்டையொன்று எமது மாணவர் சேர்த்துக் கொடுத்தது. மாலையில் கோழிகள் அடைந்ததும் குழாயிலுள்ள நீரை வடித்துவிடுகிறார்கள். வெற்றுக் குழாயில் உறைவதற்கு எதுவுமில்லை. காலையில் திறந்துவிட்டால் ஓடுகிறது. மிகக் கடுமையான ஒன்றிரண்டு விடியல்களில் மட்டும் கெண்டி இன்னும் வெளியே வருகிறது.

இது வெற்றியா? பாதி வெற்றி. இஸ்தோப்பு ஓரத்தில் கோழி நிற்பதால் மனிதர் நிற்க இடமில்லை; எச்சத்தைக் கழுவும் வேலை கூடியிருக்கிறது. குழாய் மண்ணுக்குள்ளும் கிண்ணம் கூட்டுக் கூரையின் கீழும் போயிருக்க வேண்டும். பத்து அடி நீளமும் ஒரு சாண் ஆழமும் கொண்ட ஒரு பள்ளம்; ஒரு மண்வெட்டியும் அரை நாளும் போதும். கிடைக்காதது, தோண்டலாம் என்ற ஒரு சொல்.

சுதந்திர தினத்து மாலையில் நாம் மலையிறங்கி வந்தபோது இறம்பொடைக்குக் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் இருளிற் கிடந்தது. நுவரெலியாவின் ஏரியிலிருந்து வழியும் நானுஓயா கொத்மலை ஓயாவிற் கலந்து அங்கேதான் வந்து சேருகிறது. 1985இல் எழுந்த கொத்மலை நிலையம் 201 மெகாவாட் வலுவுடையது. மேலே தலவாக்கலையில் மறித்த நீரால் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாட். உச்சிமலைப் புல்லில் காலையில் வெள்ளைத் தூளாய்ப் படிந்திருந்த நீரும் உருகி, வழிந்து, எங்கோ ஒரு நகரத்தின் விளக்காகிவிடுகிறது. அம்மலையில் கெண்டியோடு நிற்கும் தாய்க்கு ஒரு சாண் மண்ணைக் கொடுக்க இந்த நாட்டுக்கு எவ்வளவு செலவாகும்?

ஆசிரியர்களாகிய நாம் பள்ளம் தோண்ட அனுமதி வழங்க வல்லவர்கள் அல்லர். ஆனால் அனுமதி ஏன் வேண்டியிருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்க வல்லவர்கள். தை மாதத்தில் ஒரு பிள்ளை பாடசாலைக்குப் பிந்தி வந்தால், அவளை நிறுத்தி வைக்குமுன் அவளுடைய முற்றத்தை ஒருமுறை சென்று பார்ப்போமாக.